முடி போனது, மீசை நின்றது: பிரிங்கிள்ஸ் இலச்சினையின் அரை நூற்றாண்டு

2021-ஆம் ஆண்டுக்கு முந்தைய பிரிங்கிள்ஸ் நொறுக்குத்தீனி டப்பாவையும் இன்றைய டப்பாவையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். பழைய டப்பாவில் உள்ள மனிதருக்கு நடுவகிடு எடுத்து இருபுறமும் படியச் சீவிய முடி உண்டு; புதியவர் மொட்டைத் தலையர். மீசை மட்டும் இருவருக்கும் ஒன்றே. வாங்குபவருக்கு 'இது போலிச் சரக்கோ' என்ற ஐயம் எழுவது இயல்பு, ஏனெனில் போலிப் பண்டங்களைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரையே லோகோவை உற்றுப் பார்க்கும்படி கூறுவதுதான். 2025-இல் லேஸ் உருளைக்கிழங்கு வறுவல் தன் தோற்றத்தை மாற்றியதும், அதற்குச் சில வாரங்கள் முன்பு அமெரிக்க உணவக நிறுவனம் ஒன்று தன் இலச்சினையை மாற்றிவிட்டு ஒரே வாரத்தில் பின்வாங்கியதும் அந்தக் கேள்வியை இன்னும் விரிவாக்கியுள்ளன: பல நாட்டு மக்களின் கண்ணுக்குப் பழகிய ஒரு முகத்தை நிறுவனங்கள் எதற்காகத் தொடுகின்றன, எதைத் தொடத் தயங்குகின்றன?

அதற்கு விடை காண, அடிக்கடி திருத்தி வரையப்பட்டும் அடையாளம் குலையாத பிரிங்கிள்ஸ் முகம் ஏற்ற எடுத்துக்காட்டு.

முதலில் சில சொற்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'லோகோ' என்றே சொல்லிவிடுகிறோம். மாற்றங்களைப் புரிந்துகொள்ள நான்கு பொருள்களைப் பிரித்தறிவது தேவை.

1. இலச்சினை: ஒரு பண்டத்தை ஒரே பார்வையில் சுட்டும் ஓவியக் குறி. பெயர் எழுத்துகளும் அதில் சேர்ந்திருக்கலாம்.
2. பெயரெழுத்து: பெயரை எப்போதும் ஒரே எழுத்துவடிவத்தில் எழுதும் முறை. பிரிங்கிள்ஸ் முகத்தின் கீழே உள்ள எழுத்துகள் இவ்வகை.
3. முகப்பாத்திரம்: பண்டத்தின் சார்பில் பேசுவதுபோலக் காட்டப்படும் கற்பனை ஆள் அல்லது விலங்கு. பிரிங்கிள்ஸில் இலச்சினையும் முகப்பாத்திரமும் ஒன்றே. முடி போனதைப் பலர் ஓர் ஆளுக்கு நேர்ந்ததுபோலப் பேசியதற்கு இதுவே காரணம்.
4. வணிகக்குறி: மேற்கண்டவற்றில் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. படம் ஓவியரின் வேலை. அது யாருக்கு உரியது, எவ்வளவு மாற்றலாம் என்பவை வணிகக்குறிச் சட்டத்தின் கேள்விகள்.

சீவாத கிழங்கு

டப்பாவின் முகத்தைப் பற்றிப் பேசுமுன் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனெனில் இந்த முகம் வரையப்பட்டதன் தேவையே அங்கிருந்துதான் பிறக்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரில் தலைமையகம் கொண்ட புராக்டர் அண்ட் கேம்பிள், அடிப்படையில் சோப்பும் சலவைத்தூளும் விற்கும் நிறுவனம். 1950-களில் அது உருளைக்கிழங்கு வறுவலின் மூன்று குறைகளைத் தீர்க்கும் பணியை பிரெட்ரிக் பாவர் என்ற வேதியியலாளரிடம் ஒப்படைத்தது. வறுவல் உடைகிறது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறது, பாக்கெட்டில் பாதி காற்றாக இருக்கிறது என்பவை அந்தக் குறைகள். பாவர் கண்ட தீர்வு, கிழங்கைச் சீவுவதையே விட்டுவிடுவது. உலர்த்திப் பொடியாக்கிய உருளைக்கிழங்கை மாவாகப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, நீள்வட்டமாக வெட்டி, அச்சில் வைத்துப் பொரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் இருக்கும். அத்துண்டு ஒரு திசையில் மேலெழுந்தும் குறுக்குத் திசையில் கீழிறங்கியும் குதிரைச் சேணம் போல வளைந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கச்சிதமாக அடுக்கலாம். அடுக்கியதைக் குழாய் வடிவ டப்பாவில் நிறுத்தினால் உடையாது, இடமும் வீணாகாது.

பாவர் வடிவத்தைக் கண்டுபிடித்தார், சுவை வரவில்லை. 1960-களின் நடுவில் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் லீபா அதைச் சரிசெய்தார். சமைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர், பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜீன் உல்ஃப். டப்பாவுக்கும் அடுக்கும் முறைக்குமான காப்புரிமைக்கு 1966-இல் பாவர் விண்ணப்பித்தார். அது 1970-இல் வழங்கப்பட்டது. தம் படைப்பில் அவருக்கு இருந்த பெருமிதத்துக்கு ஒரு சான்று உண்டு: 2008-இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே, அஸ்தியின் ஒரு பகுதியைப் பிள்ளைகள் பிரிங்கிள்ஸ் டப்பா ஒன்றில் இட்டுப் புதைத்தார்கள்.

இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் 1968-இல் சோதனை விற்பனை தொடங்கியபோது பண்டத்தின் பெயர் 'பிரிங்கிளின் புதுமாதிரி உருளைக்கிழங்கு வறுவல்' என்ற பொருள்பட அமைந்திருந்தது. பிரிங்கிள் யார் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உலவுகின்றன. சின்சினாட்டிக்கு அருகில் உள்ள பிரிங்கிள் டிரைவ் என்ற தெருவின் பெயர் என்பார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் பொறுக்கிய பெயர் என்பார்கள். உருளைக்கிழங்கைப் பதப்படுத்தும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்ட மார்க் பிரிங்கிள் என்பவரின் பெயர் என்றும் சொல்வதுண்டு. எந்தக் கதையை ஏற்றாலும் ஒன்று உறுதி: பிரிங்கிள் என்ற பெயருடைய கடைக்காரர் ஒருவர் அடுப்பங்கரையில் நின்று வறுவல் போட்டு விற்றதாகக் கதை இல்லை.

புதுப் பண்டத்துக்குப் பழைய முகம்

அப்படி ஒரு கடைக்காரர் இருந்ததுபோலத் தோன்றச் செய்வதே இலச்சினையின் முதல் வேலையாக இருந்தது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

1967-இல் லூயிஸ் டிக்சனும் ஆர்ச் ட்ரூவும் உருவாக்கிய அந்த முகத்தைப் பாருங்கள். நடுவகிடு, இருபுறமும் பரந்து முனையில் சுருளும் பெரிய மீசை, கழுத்தில் போ டை (வண்ணத்துப்பூச்சி வடிவில் முடிச்சிட்ட கழுத்துப்பட்டை). அமெரிக்கர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் நினைவுக்கு வருவது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு: சவரக்கடைக்காரர், மதுக்கடை பரிமாறுநர், மளிகைக்கடை உரிமையாளர். விண்கலங்களும் கணினிகளும் செய்தியான 1967-இல், உள்ளதிலேயே அதிகம் இயந்திரமயமான நொறுக்குத்தீனி ஒன்றை விற்பதற்குத் தாத்தா காலத்து முகம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. டப்பாவின் எழுத்து 'புதுமாதிரி' என்று முழங்கியது. முகம் 'உங்களுக்குத் தெரிந்த ஆள்தான்' என்று தணித்தது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் இறுதியில் உடைமையைக் காட்டும் மேற்குறி (') இருந்ததும் இதனோடு பொருந்துகிறது. 'பிரிங்கிளுடைய வறுவல்' என்றால் பிரிங்கிள் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். பிற்காலத்தில் பெயர் தன் காலில் நின்றபோது அந்த மேற்குறி உதிர்ந்தது.

இந்த உத்தி புராக்டர் அண்ட் கேம்பிள் மட்டும் கண்டதன்று. பிளான்டர்ஸ் நிலக்கடலையின் திருவாளர் கடலை 1916-இல், நிறுவனம் நடத்திய போட்டிக்கு அன்டோனியோ ஜென்டிலே என்ற பள்ளிச் சிறுவன் அனுப்பிய ஓவியத்திலிருந்து பிறந்தவர். உயரத் தொப்பியும் ஒற்றைக்கண் கண்ணாடியும் அவருக்குப் பின்னர் சேர்ந்தன. மலிவான கடலைக்கு அவர் பணக்காரத் தோரணை தந்தார்; பிரிங்கிள்ஸ் மனிதரின் கடமை அதற்கு மாறானது, தொழிற்சாலைப் பண்டத்துக்குக் கைத்தொழிலின் சாயல் தருவது.

'வறுவல்' என்ற சொல் போனபோது

பிற வறுவல் நிறுவனங்கள் பிரிங்கிள்ஸை அப்பெயரில் விற்க விடவில்லை. மாவைப் பிசைந்து செய்ததை 'பொட்டேட்டோ சிப்ஸ்' என்று அழைக்கக் கூடாது என்று அவை முறையிட்டன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975-இல் தீர்த்த விதம் இது: அச்சொல்லைப் பயன்படுத்தலாம், ஆனால் 'உலர்த்திய உருளைக்கிழங்கிலிருந்து செய்தது' என்ற தொடரும் கூடவே அச்சிடப்பட வேண்டும். அத்தொடர் விளம்பரத்துக்கு உதவாது என்று கருதிய நிறுவனம் 'சிப்ஸ்' என்பதைக் கைவிட்டு 'கிரிஸ்ப்ஸ்' என்ற சொல்லுக்கு மாறியது.

பிரிட்டனில் இதே கேள்வி தலைகீழாக வந்தது, ஏனெனில் அங்கே உருளைக்கிழங்கு வறுவலின் பெயரே 'கிரிஸ்ப்ஸ்'தான். அந்நாட்டில் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை, வறுவலுக்கு உண்டு. எனவே தன் பண்டம் வறுவலே இல்லை, அதில் கிழங்கு ஏறக்குறைய 42 விழுக்காடுதான், வடிவமும் இயற்கையில் காணக் கிடைக்காதது என்று புராக்டர் அண்ட் கேம்பிளே வாதாடியது. 2008-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்து, வரி உண்டு என்றது. ஒரு நாட்டில் வறுவல் என்று அழைத்துக்கொள்ளப் போராடியதும் இன்னொரு நாட்டில் வறுவல் அல்ல என்று போராடியதும் ஒரே நிறுவனம்.

இது இலச்சினையை எப்படித் தொடுகிறது? பண்டத்தின் வகைப்பெயர் நாட்டுக்கு நாடு சட்டச் சிக்கலில் மாட்டும்போது, டப்பாவில் எங்கும் ஒரே மாதிரி நிற்கக்கூடியவை இரண்டு மட்டுமே: தனிப்பெயர், முகம். 'லேஸ்' வறுவல் பிரிட்டனில் 'வாக்கர்ஸ்' என்றும் மெக்சிகோவில் 'சப்ரிட்டாஸ்' என்றும் விற்கப்படுகிறது. உள்ளூர் நிறுவனங்களை வாங்கி வளர்ந்ததால் அங்கே பெயர் மாறியும் இலச்சினையின் வடிவம் பொதுவாகவும் இருக்கும். பிரிங்கிள்ஸுக்கு அந்த வழி தேவைப்படவில்லை. எந்த மொழியிலும் படிக்காமலே புரியும் மீசை ஒன்று அதனிடம் இருந்தது.

குழாயின் வளைவு

இலச்சினையை எதன்மேல் அச்சிடுகிறோம் என்பது அதன் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வழக்கமான வறுவல் பாக்கெட் காற்றடைத்த தலையணை போன்றது. அடுக்கில் சரியும், கசங்கும், ஒளி பட்டுப் பளபளக்கும். பிரிங்கிள்ஸ் டப்பா விறைப்பான அட்டைக் குழாய் என்பதால் முகம் சுருங்குவதில்லை. ஆனால் வேறொரு கட்டுப்பாடு உண்டு.

1. டப்பாவின் விட்டம் ஏறக்குறைய 3 அங்குலம் என்று கொண்டால் சுற்றளவு சுமார் 24 செ.மீ.
2. நேரெதிரே நிற்பவருக்கு அதில் பாதிதான் தெரியும். அதாவது 12 செ.மீ.
3. அந்தப் பாதியிலும் ஓரங்கள் வளைந்து விலகுவதால் ஒடுங்கித் தெரியும். நடுக்கோட்டிலிருந்து 60 பாகை விலகிய இடத்தில் அகலம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கு அப்பால் எழுத்தைப் படிப்பது கடினம்.
4. ஆகவே உண்மையில் பயன்படுவது சுற்றளவின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8 செ.மீ. மட்டுமே.

அகலம் குறைவு, உயரம் தாராளம். இத்தகைய பரப்புக்கு நீண்ட பெயர்ப்பட்டை பொருந்தாது. மேலே முகமும் அதன் கீழே பெயரும் என்ற அடுக்கு பொருந்தும். மேல்நோக்கிய நீள்வட்டத் தலையும் அதனடியில் போ டையோடு சேர்ந்த பெயரும் அரை நூற்றாண்டாக இடம் மாறாமல் இருப்பதற்கு ஓவியர்களின் மரபுப்பற்றைவிடக் குழாயின் கணக்கே வலுவான காரணம். டப்பாவே முகத்துக்கு உடலாக அமைந்துவிடுவதையும் கவனிக்கலாம். கைகால் இல்லாத இந்த மனிதரின் உடல் எங்கே என்று கேட்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் 2022-இல் ஓர் இயக்கமே நடத்தினார்.

கோட்டிலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து கோட்டுக்கு

நடுவில் நடந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவதில் பயன் குறைவு. அவை செல்லும் திசை முக்கியம். தொடக்க கால முகம் கோட்டோவியம். அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு வேண்டும் என்பதால் நிறங்கள் எண்ணிக்கையில் அடங்கியிருந்தன. 1980-களிலும் 1990-களிலும் கோடுகள் தடித்தன, கன்னத்து நுணுக்கங்கள் குறைந்தன, முகம் தொலைவிலிருந்து தெரியும்படி எளிமையாயிற்று. பிறகு கணினியில் வரையும் வசதி பரவியதும் எதிர்த்திசையில் ஓர் ஊசல் ஆட்டம் வந்தது. நிறம் படிப்படியாக மங்கும் சாயல், பளபளப்பு, நிழல் ஆகியவற்றால் தலை உருண்டு திரண்டு பொம்மை போலாயிற்று. இந்தக் காலத்தில் நொறுக்குத்தீனி உலகின் பெரும்பாலான இலச்சினைகள் இப்படித்தான் ஊதிப் பெருத்தன.

2012, 2013 வாக்கில் விண்டோஸ் 8, ஐபோனின் ஐஓஎஸ் 7 ஆகியவற்றோடு தட்டை வடிவமைப்பு பரவியபோது ஊசல் திரும்பிற்று. காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. கைப்பேசிக் கடைச் செயலியில் ஒரு பண்டத்தின் படம் கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். அந்த அளவில் நிழலும் பளபளப்பும் அழுக்காகத் தெரியும்; ஒரே நிறப் பரப்பும் தெளிவான விளிம்பும் மட்டுமே பிழைக்கும்.

ஒரு கிளைக்கதை: நிலவின் தாடி

முகத்தின் முடியை மாற்றிய அனுபவம் புராக்டர் அண்ட் கேம்பிளுக்குப் புதிதன்று. அந்நிறுவனத்தின் சொந்த இலச்சினை, தாடி வைத்த பிறைநிலவு முகமும் 13 விண்மீன்களும். 19-ஆம் நூற்றாண்டில் மெழுகுவத்திப் பெட்டிகளைப் படகுத்துறையில் அடையாளம் காணப் போட்ட குறியிலிருந்து வளர்ந்த ஓவியம் அது. 13 விண்மீன்கள் அமெரிக்காவின் முதல் 13 குடியேற்றங்களைக் குறித்தன. 1980-களின் தொடக்கத்தில் அது சாத்தானின் குறி என்ற வதந்தி கிளம்பியது. தாடியின் சுருள்களில், சாத்தானோடு தொடர்புபடுத்தப்படும் 666 என்ற எண் தெரிவதாகச் சொன்னார்கள். 1985-இல் நிறுவனம் அந்த இலச்சினையைப் பண்டங்களின் மேலிருந்து அகற்ற முடிவுசெய்தது. 1991-இல் தாடியின் சுருள்களை நேராக்கி மறுபடியும் வரைந்தது. வதந்தி பரப்பியதற்காக, நேரடி விற்பனை நிறுவனமான ஆம்வேயின் விநியோகஸ்தர்களாக இருந்த நால்வர்மீது தொடுத்த வழக்கில் 2007-இல் நிறுவனத்துக்கு 1.925 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது.

இதிலிருந்து பிரிங்கிள்ஸ் முகத்துக்குப் பொருந்துவது ஒன்று உண்டு. நுணுக்கமான கோடுகள் உள்ள முகத்தில் மக்கள் தமக்குத் தோன்றியதையெல்லாம் படிப்பார்கள். கோடு குறையக் குறைய அதற்கு இடமும் குறையும்.

2021: ஏன் முடி, ஏன் மீசை இல்லை?

2012-இல் பிரிங்கிள்ஸை வாங்கியிருந்த அமெரிக்க உணவு நிறுவனமான கெலாக், 2021-இல் 20 ஆண்டுகளில் முதல் பெரிய மாற்றம் என்று அறிவித்துப் புதிய முகத்தை வெளியிட்டது. நிழல்கள் நீங்கின, முடி நீங்கியது, புருவங்கள் மீண்டும் வந்தன, கண்களில் உணர்ச்சி கூடியது, போ டை தெளிவான வடிவம் பெற்றது. முடியை எடுத்ததற்கான தர்க்கத்தைப் பின்வருமாறு விரித்துப் பார்க்கலாம்.

1. முகத்தை அடையாளம் காணக் கண்ணுக்குத் தேவைப்படும் குறைந்தபட்சம் எது என்பது முதல் கேள்வி. இரண்டு புள்ளிகளும் அவற்றின் கீழ் ஒரு கோடும் இருந்தாலே மனித மூளை முகத்தைக் கண்டுவிடும். மேகத்திலும் சுவரின் ஈரக்கறையிலும் முகம் தெரிவது இதனால்தான்.
2. அப்படிக் காணும் முகங்களுள் 'இது பிரிங்கிள்ஸ்' என்று பிரித்துக் காட்டுவது எது என்பது இரண்டாவது. இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திவைத்திருக்கிறது. இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை காணப்படும் அரானியஸ் மிட்டிஃபிகஸ் என்ற சிலந்தியின் வயிற்றுப் பகுதியில் வெண்மையான திட்டும் அதன்மேல் கருங்குறிகளும் உண்டு. பார்த்தவர்கள் அதற்குப் 'பிரிங்கிள்ஸ் சிலந்தி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2022-இல் நிறுவனமும் அப்பெயரை ஊக்குவித்து ஒரு மனு இயக்கம் நடத்தியது. அச்சிலந்தியில் போ டை இல்லை, பெயரும் இல்லை. கண்களும் மீசையும் போன்ற கறைகளே போதுமாக இருந்தன.
3. எனவே மீசை அடையாளத்தின் தூண். முடி அதன் மேற்கூரை. கூரையை எடுத்தால் கட்டடம் நிற்கும்.
4. முடி போனதால் தலை முழு நீள்வட்டமாயிற்று. உள்ளே இருக்கும் துண்டும் நீள்வட்டமே. இந்த ஒற்றுமை திட்டமிட்டதோ இல்லையோ, பார்வைக்கு அது வேலை செய்கிறது.
5. மீதமான வெற்றிடத்தில் புருவம் வந்தது. அசையும் படங்களிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் மீசைக்காரர் வியக்கவும் குறும்பு செய்யவும் வேண்டும். வாய் மீசைக்குள் மறைந்திருக்க, அந்த வேலையைப் புருவந்தான் செய்ய முடியும்.

இவற்றில் ஐந்தாவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். 1967-இன் முகம் அசையத் தேவையில்லை, பார்த்தால் போதும்.

பொய்யாகப் பிறந்து மெய்யான பெயர்

நெடுங்காலம் இந்த மனிதர் 'திருவாளர் பி' என்றே விளம்பரங்களில் குறிக்கப்பட்டார். இன்று இணையத்தில் தேடினால் அவர் பெயர் ஜூலியஸ் பிரிங்கிள்ஸ் என்று வரும். 2006-இல் விக்கிப்பீடியாவில் யாரோ விளையாட்டாகச் சேர்த்த பெயர் அது. மறுப்பார் இன்றி நின்றதால் செய்தியாளர்கள் எடுத்தாண்டார்கள்; அச்செய்திகளே பிறகு விக்கிப்பீடியாவுக்குச் சான்றாயின; இறுதியில் நிறுவனமும் தன் விளம்பரங்களில் அப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியது. வரையப்பட்டு நாற்பது ஆண்டு நெருங்கிய ஒரு முகத்துக்கு, உரிமையாளர் அல்லாத ஒருவர் பெயரிட்டு, அது நிலைத்துவிட்டது. இலச்சினை சட்டப்படி நிறுவனத்தின் சொத்து. அதன் பொருளில் ஒரு பங்கு எப்போதும் வெளியார் கையில்தான் இருக்கிறது.

எது வரை மாறினால் அதே குறி?

சட்டத்தின் கோணம் இங்கே உதவும். இந்தியாவின் வணிகக்குறிகள் சட்டம், 1999, பிரிவு 59-இன்படி, பதிவுபெற்ற குறியை அதன் அடையாளத்தைக் கணிசமாகப் பாதிக்காத வகையில் மாற்றிக்கொள்ள உரிமையாளர் அனுமதி கேட்கலாம். அதே சட்டத்தின் பிரிவு 47, பதிவுசெய்த குறியை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரலாம் என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிறுவனம் நடக்கிறது. ஒரேயடியாக மாற்றினால் பழைய பதிவின் பயன் அறுந்துபோகலாம். மாற்றாமலே இருந்தால் காலத்துக்குப் பின்தங்கலாம். சிறுகச் சிறுக மாற்றி, ஒவ்வொரு வடிவத்தையும் புதிதாகப் பதிவுசெய்துகொண்டே போவது பாதுகாப்பான வழி.

'அடையாளம் பாதிக்கப்பட்டதா' என்பதை எப்படி அளப்பது? நொறுக்குத்தீனி உறையைப் பற்றியே இந்திய உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்று உண்டு. பார்லே நிறுவனத்துக்கும் மைசூரைச் சேர்ந்த ஜே.பி. நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது, 1972-இல் தீர்ப்பானது. பார்லேயின் குளுக்கோ பிஸ்கட் உறையில் பண்ணை முற்றமும் பசுக்களும் கோழிகளும் நீர்வாளியுடன் ஒரு பெண்ணும் இருந்தார்கள். எதிர்த்தரப்பு உறையிலும் பசுக்கள், கோழிகள், தலையில் புல்கட்டுடன் ஒரு பெண். நுணுகிப் பார்த்தால் வேறுபாடுகள் பல. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடு தேடக் கூடாது, ஒன்றைக் கண்டு பழகியவர் மற்றொன்றைக் காணும்போது ஏமாறக்கூடுமா என்பதையே மொத்தத் தோற்றத்தைக் கொண்டு பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறி, பார்லேக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு டப்பாக்களை அருகருகே வைத்தோம்; சட்டம் அப்படி வைக்காதே என்கிறது. பலசரக்குக் கடையில் நிற்பவரின் மனத்தில் இருப்பது மங்கலான நினைவு. அந்த நினைவில் தங்கியது மீசை என்றால், முடி போன பின்னும் அது அதே குறி. போலி தயாரிப்பவர் முடியை மட்டும் மாற்றிவிட்டுத் தப்ப முடியாததற்கும் இதே அளவுகோல்தான் காரணம்.

தூணைத் தொட்டவர்கள்

மங்கலான நினைவில் எது தங்கியிருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்தவர்களும் உண்டு. 2009-இல் பெப்சிகோவின் டிராப்பிகானா பழச்சாறு, ஆரஞ்சில் உறிஞ்சுகுழல் செருகிய படத்தை நீக்கிக் கண்ணாடிக் குவளையை வைத்தது; இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 விழுக்காடு சரிந்து, பழைய பெட்டி திரும்பி வந்தது. 2010-இல் கேப் ஆடை நிறுவனம் புதிய லோகோவை ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் கிராக்கர் பேரல் உணவகங்கள், 1977 முதல் இலச்சினையில் பீப்பாய்மீது சாய்ந்து அமர்ந்திருந்த முதியவரையே எடுத்துவிட்டன. பங்கு விலை விழுந்தது, அதிபர் டிரம்ப் வரை கருத்துச் சொன்னார்கள், ஒரு வாரத்தில் முதியவர் மீண்டும் அமர்ந்தார்.

2025 அக்டோபரில் லேஸ் செய்தது வேறு வகை. மஞ்சள் வட்டமும் சிவப்புப் பட்டையும் நின்றன; வட்டம் சூரியன் என்று புரியும்படி கதிர்கள் சேர்ந்தன; பாக்கெட்டில் உருளைக்கிழங்கின் படம் முன்னுக்கு வந்தது. நுகர்வோரில் 42 விழுக்காட்டினருக்கு லேஸ் உண்மையான கிழங்கிலிருந்து செய்யப்படுவதே தெரியாது என்று பெப்சிகோ காரணம் சொன்னது. கிழங்கைச் சீவிச் செய்பவர் அதைச் சொல்லிக்காட்ட இலச்சினையில் மண்ணையும் சூரியனையும் தேடுகிறார். மாவைப் பிசைந்து செய்பவருக்கு அந்தப் பேச்சே தேவைப்படாதபடி மீசை பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் போலியை எப்படி அறிவது?

முடியைக் கொண்டு அறிய முடியாது. டப்பாவின் பின்புறச் சிற்றெழுத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் இறக்குமதி உணவுப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) சின்னத்துடன் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், உற்பத்தி நாள் ஆகியவை இருந்தாக வேண்டும். அந்தச் சிற்றெழுத்துப் பகுதியில்தான் உண்மையான பெரிய மாற்றங்கள் நடந்துள்ளன. 2011-இல் டயமண்ட் ஃபுட்ஸ் நிறுவனத்துக்கு 235 கோடி டாலருக்கு விற்கப் பேசிய ஒப்பந்தம், வாங்குபவரின் கணக்குகளில் முறைகேடு வெளிப்பட்டதால் முறிந்தது. 2012-இல் கெலாக் 269.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் கெலாக்கின் நொறுக்குத்தீனிப் பிரிவு கெல்லனோவா என்ற பெயரில் தனியாக நின்றது. அதை ஏறக்குறைய 3,600 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024 ஆகஸ்டில் சாக்லேட் நிறுவனமான மார்ஸ் அறிவித்து, 2025 டிசம்பரில் முடித்தது. முகம் டப்பாவின் முன்புறத்தில் அப்படியே இருக்க, பின்புறத்தில் உரிமையாளர் பெயர் மூன்று முறை மாறிவிட்டது.